ஐந்தாம் கட்டை

என்னை வேலைக்கு எடுத்தவர்கள், எனக்குக் கணக்குச் சொல்லித்தர வருமா என்று கேட்கவே இல்லை. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்த தாளாளர் என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைமேல் போட்டார். "பெட்டி வாசிப்பீரா?" என்று கேட்டார். வாசிப்பேன் என்றேன். "அப்பம் திங்கட்கிழமை போய்ச் சேந்துக்கிடும்" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. எங்கள் சபைகளில் பெட்டி என்றால் ஆர்மோனியம். வாத்தியார் வேலையோடு சேர்ந்து வருகிற வேலை அது. எண்பதுகளின் தொடக்கத்தில் பெட்டி தெரியாத வாத்தியாருக்குச் சின்ன ஊரில் மதிப்பே கிடையாது.

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி, பருத்திக் காட்டுக்கு நடுவே மண்பாதையில் நடக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள். அந்த மரியாதையை நானே கெடுத்துக்கொள்வானேன்.

பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே ஓட்டுக் கட்டடம். தெற்கத்திக்காரர்கள் நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே ஐந்து வகுப்புகள் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிக் கூட்டிப் பாய் விரித்தால் கோயில் தயார். கரும்பலகையை அழித்துவிட்டு மறுநாளுக்கான பாட்டு எண்களை எழுதிப்போடுவேன். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பள்ளிக்கூடம் தொடங்க அதைத்தான் அடிக்க வேண்டும், ஆராதனைக்கும் அதைத்தான், யாராவது இறந்துபோனாலும் அதைத்தான். அடிக்கிற வேகத்தை வைத்து ஊர் தெரிந்துகொள்ளும். மூன்றுக்கும் அடிக்கிறவன் நான்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் வாசிப்பது, பிரசங்கம் என்ற பெயரில் ஏதாவது பேசுவது, பெட்டி வாசிப்பது எல்லாம் என் தலையில். இதோடு மனு எழுத வேண்டும், வந்த மணியார்டரைப் படித்துச் சொல்ல வேண்டும், புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே போய் நிற்க வேண்டும். எனக்கு முன்கோபம் உண்டு. சண்டை தீர்க்கப் போய் நானே ஒரு சண்டையைத் தொடங்கிவிட்டு வந்த நாட்களும் உண்டு. என் பாட்டறிவைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஊர்ப் பெட்டியில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை பேசாது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறே கண்டுபிடித்தேன். ச-வில் தொடங்கி எண்ணினால் ப வர வேண்டிய இடம். அழுத்தினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வரும். உள்ளே காற்றில் அதிர்ந்து சுரம் தரும் பித்தளை ரீடு உடைந்து போயிருந்தது. இரட்டை ரீடு பெட்டியாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று சமாளிக்கும். எங்களுடையது ஒற்றை ரீடு. மேல்வரிசையில் இருக்கிற அதே சுரத்தை அழுத்திப் பார்த்தேன், பூனை வாலை மிதித்த மாதிரி கீச்சென்றது. ஆரம்பத்தில் எனக்கு ஒரு கட்டைச் சுருதியில் வெள்ளைக் கட்டைகளில் ஓடத்தான் வரும். வேறு சுருதிக்குப் போகப் பழகிக்கொண்ட பிறகோ சபை வரவில்லை. அவர்களுக்குத் தொண்டையில் பதிந்த சுருதி அது ஒன்றுதான்.

சபைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. ஸ்பின்னிங்கில் இருபது வருஷம் நின்றவர் என்பதால் காது பாதிதான் கேட்கும். எதைச் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி பதில் சொல்வார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! முன்ன இருந்த சார்வாள் இதே பெட்டியத்தான வாசிச்சாரு!"

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே பெட்டியைத் தூக்கி அவர் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறே விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கட்டை பேசாததைச் சபை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஏனென்றால் அந்த இடத்தை அவர்களே பாடிக்கொண்டிருந்தார்கள்.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேர் மில்லில் வேலை, மீதிப் பேர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற பேண்டேஜ் தறிகளில். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டைகள். ஆராதனையே மில் ஷிப்டைப் பார்த்துத்தான் தொடங்கும். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தலையில் பஞ்சோடு வந்து உட்காருவார்கள். பிரசங்கத்தில் தூங்குவார்கள், பாட்டு என்றால் எழுந்துவிடுவார்கள். பாட்டில் அந்த ஐந்தாம் கட்டை வருகிற இடம் நெருங்கியதும், பெட்டிக்கு வாய் வராது என்று தெரிந்து, எல்லோரும் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். நான் விரலை எடுப்பேன். உடனே நாற்பது தொண்டைகள் சேர்ந்து அந்த ஒரு சுரத்தை எடுத்துப் போடும். ஓடு அதிரும். அதைத் தாண்டியதும் சாதுவாகப் பெட்டியோடு வந்து சேர்ந்துகொள்வார்கள்.

இதற்குத் தலைவி ஒரு அக்கா. பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். எழுதப் படிக்க வராது, எல்லாப் பாட்டும் மனப்பாடம். நான் பெட்டியைத் திறப்பதற்குள் அவர் பாட்டை எடுத்துவிடுவார். பெட்டி பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். "செத்த நேரம் பொறுங்கக்கா, நான் சுருதி கொடுக்கேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "நீங்க பொறவு வாங்க சார், நாங்க முன்ன போறோம்" என்பார். முதலில் பல்லைக் கடித்தேன். அப்புறம் பழகிவிட்டது. இரண்டு வருஷத்தில் எனக்கும் அந்த ஓட்டை காதில் விழாமல் போய்விட்டது.

ஆனாலும் நான் அங்கேயே கிடக்க நினைக்கவில்லை. இராஜபாளையம் டவுன் கோயிலில் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி ஒன்று இருந்தது. ஒருமுறை ஏதோ கூட்டத்துக்குப் போனபோது, யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் மிதித்துப் பார்த்தேன். கீழ்ச்சுரம் ஒன்றை அழுத்தியதும் மரத் தரை காலுக்கடியில் நடுங்கியது. அன்றிலிருந்து எனக்கு வேறு ஆசை கிடையாது. அந்தக் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத்தான் அந்தப் பெட்டி. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு மட்டும் இல்லை, என் மனைவிக்கும் அது வேண்டியிருந்தது. அவள் இராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துவிட்டுக் காலையில் வருவாள். வயிற்றில் குழந்தையோடு அந்த மண்பாதையில் அவள் நடந்து வருவதைப் பள்ளிக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் அவள் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஓய்வு பெறப் போகிற வருஷம் வந்தது. சேகரத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை பாட்டு விழா உண்டு. சேகரம் என்பது ஒரு போதகருக்குக் கீழே இருக்கும் ஊர்ச் சபைகள் அத்தனையும். ஒவ்வொரு ஊரும் டவுன் கோயிலுக்கு வந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தந்த ஊர் வாத்தியார் அந்தப் பெரிய பெட்டியில் வாசிக்க வேண்டும். அந்த வருஷம் அதுதான் தேர்வு என்பது எல்லா வாத்தியார்களுக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பழைய கீர்த்தனையை எடுத்துக்கொண்டேன். நன்றாகப் பழக்கினேன். இரவு ஷிப்ட்காரர்கள் தூக்கத்தை விட்டு வந்து பாடினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை என்று ஊரே ஒரு லாரி பிடித்து இறங்கியது. எல்லாவற்றையும் யோசித்த நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. டவுன் பெட்டியில் ஐந்தாம் கட்டை பேசும்.

முதல் வரியின் கடைசியில் அந்த இடம் வந்தது. கூட்டத்தைப் பார்த்த படபடப்பில் விரலை எடுக்க மறந்து அழுத்திவிட்டேன். பெரிய பெட்டி கம்பீரமாக ப என்றது. அதே நொடியில் என் சபை மூச்சை இழுத்து, வழக்கம்போல அந்தச் சுரத்தின் மேல் விழுந்தது. அதில் ஒரு விபரீதம் இருந்தது. பெட்டியின் துணையில்லாமல் இத்தனை வருஷம் பாடியதில், அந்த ஒரு சுரத்தை மட்டும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போயிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. டவுன் பெட்டிக்குப் பக்கத்தில் அது அரைக் கட்டை தள்ளி நின்றது. இரண்டு லாரிகள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது.

முதலில் டவுன் பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். அடுத்த வரியில் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. தாளாளர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். விரலை எடுத்துவிட்டால் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஆனால் தேர்வில் சுரத்தை விட்டுவிட்டு வாசிப்பதா என்ற வீம்பு. அழுத்தினேன். என் சபையோ கூட்டம் ரசிக்கிறது என்று நினைத்துக்கொண்டு சரணத்துக்குச் சரணம் இன்னும் ஓங்கிப் பாடியது. மேஸ்திரி கண்களை மூடிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது லாரியில் ஒரே கொண்டாட்டம். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம் தந்திருந்தார்கள். பின்னாலிருந்து அக்கா எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீங்களா சார், டவுன் பெட்டி நம்ம எடத்துல வந்து குறுக்க பாடுது. விட்ருவமா? அம்புட்டுப் பேரும் சேந்து அமுக்கிப்புட்டோம்ல!"

வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் கொட்டினேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று தொடங்கி வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அடக்கமாட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அவிய மேல ஏன் பாயுதீங்க? உங்க பெட்டி ஊமை. அதுக்கு அவிய வாய் கொடுத்தாவ. அது தப்பா?"

அந்த வேலை வத்திராயிருப்புப் பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவருக்குப் போனது. நல்ல வாசிப்புக்காரர்தான். அவரைத் திட்டவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு இன்னொரு ஆசிரியர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். தினமும் சைக்கிளில் வந்து போவார். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் தெருவில் மார்கழி மாதம் அதிகாலையில் பஜனை போவார்கள். அந்த வருஷ மார்கழிக்கு அவர்கள் பெட்டியை எலி கடித்துவிட்டது என்று வந்து நின்றார்.

"ஒரு மாசத்துக்குப் பெட்டியத் தாரும் வே. தை பொறந்ததும் கொண்டாந்து வச்சிருதேன்."

"கிறிஸ்துமஸுக்கு வேணுமேய்யா?"

"அதுக்கு ரெண்டு நா முன்ன கொண்டாரேன், முடிஞ்சதும் எடுத்துக்கிடுதேன். பெட்டி பாட்டுத்தான் வாசிக்கும், ஞானஸ்நானமா கேக்கப் போகுது?"

மேஸ்திரியைக் கேட்டேன். "எடுத்துட்டுப் போகட்டும், பெட்டி இல்லாட்டா நமக்குப் பாட வராதா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். பெட்டி சைக்கிள் கேரியரில் மடவார் வளாகத்துக்குப் போனது, கிறிஸ்துமஸுக்கு வந்தது, மறுபடி போனது. தை பிறந்து அது திரும்பி வந்தபோது ஐந்தாம் கட்டை பேசியது. பஜனைக்காரர்கள் மதுரைக்கு அனுப்பிப் புது ரீடு போட்டிருந்தார்கள். இரவல் வாங்கிய பொருளைக் குறையோடு திருப்பித் தரக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம்.

"என்னமா ஒரு பெட்டி, அந்த ஒரு கட்டைய மட்டும் எப்பிடி வே சாக விட்டீரு?" என்று அந்த ஆசிரியர் என்னையே கேட்டார். அவர் சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சபை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெட்டி பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் மூச்சை இழுத்து மேலே விழுந்தார்கள். ஞாயிறுதோறும் பெட்டிக்கும் சபைக்கும் சண்டை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் நான் பழையபடி விரலை எடுக்கத் தொடங்கினேன். டவுன் வேலையை மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பெண் பிறந்தாள். மனைவி கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அதே பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிறகு வத்திராயிருப்புக்காரருக்கு அரசாங்கப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. இடம் மறுபடி காலி. தாளாளர் இந்தத் தடவை பாட்டு விழாவுக்குக் காத்திருக்கவில்லை. விளைச்சலைக் கோயிலில் படைத்து ஏலம் விடுகிற எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகைக்குத் தானே வருவதாகச் சொல்லி அனுப்பினார். எதற்கு வருகிறார் என்று ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கூடவே ஒரு செய்தியும் வந்தது. அன்றைக்கு டவுனில் பாடிய அதே கீர்த்தனையைக் கேட்க வேண்டுமாம். குறும்பா, நிஜமான ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தச் சபையை வாயை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லாமல் விட்டால் வேலை போனது போனதுதான். நான் சுரத்தை விட்டு வாசித்தால், நல்ல பெட்டியில் அந்தக் கட்டை எங்கே என்று தாளாளர் கேட்பார். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "அழுத்துங்க. நடக்கிறது நடக்கட்டும்" என்றாள்.

அறுப்பின் பண்டிகை அன்று கோயில் முன்பக்கம் பூசணிக்காயும் சோளக்கதிரும் பருத்திக் குவியலுமாக நிறைந்திருந்தது. காலைக் கட்டிய கோழி ஒன்று ஜெபம் முழுக்கக் கூடவே பேசிக்கொண்டிருந்தது. தாளாளருக்கு மட்டும் ஒரு நாற்காலி. அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு என் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா அன்றைக்கு எனக்கு முன்னால் பாட்டை எடுக்கவில்லை. நான் சுருதி கொடுக்கும்வரை காத்திருந்தார். அதுவே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

முதல் வரி போனது. அந்த இடம் வந்தது. அழுத்தினேன்.

பெட்டி தனியாகப் பேசியது. மெல்லிசாக, தகரம் மாதிரி ஒரு சத்தம். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சுரம் இவ்வளவு சின்னதாகக் கேட்டு நான் அறியேன். என்ன ஆயிற்று என்று நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் பக்கத்தில் அத்தனை பேரும் முந்தானையை எடுத்து வாயில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். ஆண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி, கிணற்றுக்குள் முங்கியவர் மாதிரி, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுரம் தாண்டியதும் முந்தானைகள் இறங்கின. பாட்டு தொடர்ந்தது. அடுத்த வரியில் அந்த இடம் வந்ததும் முந்தானைகள் மறுபடி ஏறின.

பாட்டு முடியும்வரை அப்படியே நடந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரலை எடுத்துவிட்டால் அவர்கள் பாடிவிடுவார்கள் என்று ஒரு சரணத்தில் தோன்றியது. எடுக்கவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் தாளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பழக்கியிருக்கீரு. அந்த எடத்துல சபைய நிறுத்திட்டுப் பெட்டிய மட்டும் தனியா விட்டீரு பாரும், அங்கதான்யா நிக்கீரு" என்றார். ஐயா என்று சொல்லிக் கும்பிட்டேன். வேறென்ன சொல்வது.

அவர் கார் மண்பாதையில் மறைந்த பிறகுதான் அக்கா பக்கத்தில் வந்தார். ஏலத்துக்கு வைத்த பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் வைத்திருந்தார்.

"சரியா மூடுனமா சார்?"

அவரே தொடர்ந்தார். "மூணாஞ் சரணத்துல மேஸ்திரி லேசா முணங்கிட்டாரு. அவருக்குக் காது கேக்காதுல்லா, எடம் தெரியாமப் போச்சு. அவர் வீட்டுலதான் பழகுனோம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு கதவச் சாத்திட்டு."

"யாருக்கா உங்களுக்குச் சொன்னது?"

"எம் மவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தாள்ல, அன்னைக்கு உங்க வீட்டு அம்மாதான் சொன்னாவ, டவுன்ல அந்த எடத்துல எல்லாரும் நம்மளப் பாத்துச் சிரிச்சாகன்னு. அவிய சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாவ. எனக்குத்தான் சிரிப்பு வரல. நம்ம வாயால சாருக்கு வேல போச்சேன்னு ஆயிருச்சு." பூசணிக்காயை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "அம்மா பச்சப்புள்ளய விட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடுறாவ. நீங்க போங்க சார். எங்களுக்கு எவனாவது ஒருத்தன் வருவான், பெட்டி வாசிக்க."

உத்தரவு அந்த மாதமே வந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே கீர்த்தனையைப் போட்டேன். கரும்பலகையில் எண்ணைப் பார்த்ததும் பெண்கள் முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் நான் விரலை எடுத்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். முதல் வரியில் அவர்களுக்குப் புரியவில்லை. கட்டடம் முழுக்க ஒரு நிசப்தம். அடுத்த வரியில் அக்கா என்னைப் பார்த்தார், முந்தானையைத் தோளில் போட்டார், பாடினார். அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அரைக் கட்டை தள்ளி, ஓடு அதிர. மேஸ்திரி தன் மனைவியைப் பார்த்து, "இப்பம் தொறக்கலாமா?" என்று கத்தியது பாட்டுக்கு மேல் கேட்டது.

டவுனுக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே வீடு, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். மனைவி முகத்தில் தெளிச்சி வந்தது. நான் ஆசைப்பட்டபடி பெரிய பெட்டி என் காலுக்குக் கீழே. கீழ்ச்சுரத்துக்குத் தரை நடுங்கத்தான் செய்தது. டவுன் சபை நல்ல சபை. எல்லோரும் கையில் புத்தகம் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் பாடுவார்கள். பெட்டிக்கு முன்னால் யாரும் ஓடமாட்டார்கள். அங்கே நான் ஓய்வு பெறும்வரை வாசித்தேன். அதை வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் அந்த இடம் வரும்போது என் விரல் எழுந்துவிடும். வந்த முதல் ஞாயிறே எழுந்தது. அந்த நாற்பது தொண்டைகளும் வரும் என்று காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. அடுத்த வரியில் ஜாக்கிரதையாக இருந்து அழுத்தினேன், அதற்கடுத்த வரியில் மறுபடி எழுந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்துத் தாளாளர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அந்த ஐந்தாம் கட்டையைத் தன் விரலாலேயே அழுத்திப் பார்த்தார். நான் காலால் மிதித்துக் காற்றுக் கொடுத்தேன். ப என்று நன்றாகவே பேசியது.

"கட்டை சரியாத்தானய்யா இருக்கு? அந்த எடத்துல எதுக்கு வெரல எடுக்கீரு?"

கட்டை சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.